தண்ணீர் ஊருக்குப் போயிருந்த மாதம்

மார்கழி பிறந்தால் ஓடைமலை ஏரியின் தண்ணீர் சமவெளிக்குப் போய்விடும். குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. பொங்கலுக்கு முந்தின நாள்தான் திரும்பி வரும். கெண்டை மீன்கள் போவதில்லை. எந்த ஆழத்தில் இருந்தனவோ அதே ஆழத்தில் அந்தரத்தில் நின்று, பனியில் மெல்ல வாலை அசைத்துக்கொண்டிருக்கும். எப்படிப் போகும்? தை மாதப் போட்டிக்கு அவற்றுக்கும் பயிற்சி உண்டல்லவா.

ஊர்த் தூண்டில் சங்கத்தின் பயிற்சி காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. அப்படியொரு குளிர், எல்லோருக்கும் பல் தந்தியடித்தது. லூர்துமேரிக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. அவள் பேக்கரியில் பன்னுக்கு மாவு பிசைகிறவள். சங்கத்தில் பதினோரு வருஷமாக மாற்று ஆள். அணியில் இருந்த ஆறு பேரும் போட்டி நாளில் ஒரு தும்மல்கூடப் போடாத மகராசன்கள்; அவளுக்கு இடம் கிடைத்ததே இல்லை. இந்த வருஷம் புண்ணியத்துக்கு ஒருவருக்கு மூட்டுவலி வந்து, ஓர் இடம் காலியாகியிருந்தது. செய்தி கேட்ட சந்தோஷத்தில் அவள் இரண்டு தட்டு பன்னைக் கரியாக்கினாள்.

சங்கச் செயலாளர் கனகசபாபதி அணியின் பச்சைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விதிகளை வாசித்தார். கரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது. கோட்டைத் தாண்டி யார் யாரை இழுக்கிறார்களோ, இழுத்தவருக்குக் காலியிடம். தக்கைக்குக் கீழே பார்க்கக் கூடாது. தண்ணீர் இல்லை என்பதற்காக ஒரு மீன் நிற்பதையும் திரும்புவதையும் உற்று உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை. போன வருஷம் லூர்துமேரி அப்படித்தான் ஒரு நொடி கீழே பார்த்துவிட்டாள். அங்கே ஒரு கெண்டை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அவளை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை அவள் கழுத்தை நிமிர்த்தி நின்றாள். குளிரில் கெண்டைக்குப் பசி மந்தம். பெரிய உருண்டை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் பன் மாவில் ஏலக்காய் தட்டிப் போட்டு, மிளகளவுக்கு உருட்டி, தூண்டில் முள்ளில் செருகி வீசினாள். தண்ணீர் வழக்கமாக நிற்கும் மட்டத்தில் தக்கை போய் உட்கார்ந்தது. ஒரு மணி நேரம் அசையவில்லை. இரண்டாம் மணியும் போனது. அணியில் ஏற்கெனவே இருந்த மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு கெண்டையைக் கரைசேர்த்து, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதரை மணிக்குத் தக்கை ஒரு தடவை தலையாட்டியது. பிறகு முழுசாக உள்ளே போனது.

அடி என் ராசாத்தி, வந்துட்டியா என்று லூர்துமேரி மனசுக்குள் கூவிக்கொண்டு கோலைச் சுண்டினாள். அந்தப் பக்கமிருந்து வந்த இழுப்பு இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது, லாரிக்குக் கயிறு கட்டின மாதிரி இருந்தது. கோல் வில்லாக வளைந்தது. இடது செருப்பு வார் அறுந்தது. அவள் மூன்றடி பின்னால் இழுத்தாள். அது நான்கடி முன்னால் இழுத்தது. ஐந்து பேரும் டீயை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

கீழே இருந்து ஒரு குரல் வந்தது. அவள் பார்க்கவில்லை.

“அக்கா, தளர விட்றாதீங்க. ஊர் அணியில ஒரு இடம் காலின்னு கேள்விப்பட்டுத்தான் நானும் வந்திருக்கேன்.”

“விடமாட்டேன் தம்பி. நீயும் விடாதே” என்றாள் லூர்துமேரி.

இரண்டு பேரும் விடவில்லை. பத்து மணிக்கு அவளுடைய வலது பாதம் கோட்டைத் தாண்டியது. அடுத்தது இடது பாதம். கரை முடிந்து அவள் உள்ளே விழுந்தாள்.

ஏரி பதினெட்டு அடி ஆழம். அடியில் சேறும் உடைந்த துடுப்புகளும் கிடந்தன. அவள் அதுவரை போகவில்லை. நாலாவது அடியில் நின்றுவிட்டாள். கெண்டை முள்ளைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு, அவளைத் தாண்டி மேலே ஏறிப் போயிற்று. கனகசபாபதி அதற்குத் தொப்பியைப் போட்டுவிட்டார். தொப்பி கொஞ்சம் பெரிசு.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெரிய கெண்டை, கெண்டைகளின் செயலாளர், அவளிடம் நகர்ந்து வந்தது.

“இது அவன் நின்ற ஆழம். முதல் வரிசை. இனி உங்களோடது” என்றது.

மாற்று ஆளா என்று லூர்துமேரி கேட்டாள். இல்லை, அணியிலேயேதான் என்றது அது.

கரையில் நிற்கிற ஐந்து பேரின் இரையும் கைவாகும் அவளுக்கு மனப்பாடம். தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். பேக்கரியில் சொல்லிவிடும்படி கனகசபாபதியிடம் குரல் கொடுத்தாள். சரி என்றார் அவர்.

பத்தரை மணிக்குப் பயிற்சி மறுபடி தொடங்கியது. பச்சைத் தொப்பி போட்டவன் கோலை வீசினான். மிளகளவு உருண்டை ஒன்று ஏலக்காய் வாசத்தோடு மெல்ல இறங்கி, அவள் மூக்குக்கு எதிரே நின்றது. பசி மந்தமாகத்தான் இருந்தது. மரியாதை கருதி, அவள் தக்கைக்கு மேலே பார்க்கவில்லை.