திருப்பி மாட்டிய கைப்பிடி

ஆரணியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாலு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அந்த ஊரில், குடலிறக்க ஆபரேஷன் செய்து தையல் பிரிக்காத வயிற்றோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, துபாயில் நிற்கும் ஒரு உல்லாசப் படகின் ஏசிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தான் பிலவேந்திரன். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லையென்றால் பொய்.

அவனுக்குப் பதிலாகப் படகில் நின்றவன் மச்சினன் டேவிட்ராஜ். பட்டுக்கடைகளில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தவனை, தம்பிக்காகத் தன் மனைவி ஆரோக்கியசெல்வி நச்சரித்ததால், பிலவேந்திரன்தான் சிபாரிசு செய்து அனுப்பினான். போய் ஒன்பது நாள்தான் ஆகிறது. கடை ஏசி வெளிக்காற்றில் ஆறும். படகு ஏசியை ஆற்றுவது கடல்தண்ணீர். படகின் அடியிலிருந்து குழாய் வழியாக அது உள்ளே வந்து, சுற்றி, வெளியே கொட்டும். பாசியும் சிப்பியும் அடைத்தால் வடிகட்டியைத் திறந்து கழுவ வேண்டும். அதற்கு முன் வால்வை மூட வேண்டும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. உலகம் முழுக்க இதுதான் கணக்கு.

மத்தியானம் டேவிட் போன் செய்தான். ஏசி ஓடி ஓடி நின்றுவிடுகிறதாம், வெளியே தண்ணீர் வரவே காணோமாம். வால்வைப் பார்க்கச் சொன்னான் பிலவேந்திரன்.

“லிவர் ஏற்கெனவே குறுக்கதான் இருக்குது மாமா.”

பிலவேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. எவனோ வால்வை மூடிவைத்துவிட்டு ஏசியைப் போட்டால் தண்ணீர் எப்படி வரும்? மூடித்தானே இருக்கிறது, அப்படியே வடிகட்டியையும் கழுவிவிட்டு அப்புறம் வால்வைத் திற என்றான். டேவிட் தயங்கினான்.

“நல்லா தெரியுமா மாமா?”

“அடேய், அந்த லிவர மாட்டினவனே நாந்தான். ஜல்தி வடிகட்டியத் தொற.”

சொல்லி வாய் மூடவில்லை, நினைவு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் பழைய கைப்பிடி துருப்பிடித்து ஒடிந்தது. புதியது பக்கத்துப் பம்பில் இடித்ததால், நட்டைக் கழற்றி, கால் சுற்று திருப்பி மாட்டியவன் அவன்தான். அன்றிலிருந்து அந்த ஒரு வால்வுக்கு மட்டும் கணக்கு தலைகீழ்: குறுக்கே இருந்தால் திறந்திருக்கிறது. பெயின்ட்டால் ஒரு அடையாளம் போட நினைத்தான். நாம்தானே இருக்கிறோம் என்று விட்டுவிட்டான். பாழாய்ப்போன சோம்பல்.

“தொறக்காத டேவிட், நேரா திருப்பு, லிவர நேரா திருப்பு” என்று தையல் இழுக்கக் கத்தினான். போனில் தண்ணீர் இரைச்சல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது.

ஒரு மணி நேரம் கழித்து கேப்டன் பேசினார். பீறிட்டு வந்த தண்ணீரில் கரன்ட் பாய்ந்துவிட்டது. படகைக் காப்பாற்றிவிட்டார்களாம். டேவிட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆரோக்கியசெல்வி தரையில் புரண்டு அழுதாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, அழுத முகத்தோடு அவனைப் பார்த்தாள்.

“சின்னதுலேர்ந்தே அவன் சொன்ன பேச்சு கேக்கமாட்டான். நீங்க சொல்லிகினு இருக்கும்போதே அவனா எதையாவது தொறந்துட்டானாங்க?”

ஆமாம் என்றால் அதோடு முடிந்திருக்கும். செத்தவன் மேல் பழி போட அவனுக்கு நா எழவில்லை. முழு உண்மையைச் சொல்லவும் எழவில்லை.

“இல்ல செல்வி. நான் சொன்னததான் செஞ்சான்.”

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “கடைசியா அவங்க மாமா சொன்ன பேச்ச அப்படியே கேட்டிருக்கான் எந்தம்பி.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த பிலவேந்திரன் ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டான்.