டேரில் ஓட்டிய தாலாட்டு

அமெரிக்காவின் குளிர்நகரமான டுலூத்தில் இரவில் பிள்ளை அழுதால் அப்பாமார் வண்டிச் சாவியைத்தான் தேடுவார்கள். டேரிலும் அப்படித்தான். பிறந்து மூன்று வாரமான ஆக்சல் வயிற்று வாய்வில் காலை மடக்கி மடக்கி வீறிட, "ரெண்டு ரவுண்டு அடிச்சா தூங்கிடுவான். எங்கப்பா என்னை அப்படித்தான் வளத்தாரு" என்றான்.

"அதான் தெரியுதே" என்றாள் அவன் மனைவி கிர்ஸ்டன். வாய்வுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதற்கும் அப்பா கதை ஒன்று வைத்திருப்பான்.

பிள்ளையை, கூடைபோல் கையில் தூக்கிப்போகும் கார் சீட்டில் படுக்கவைத்து, குளிருக்குப் போர்வையால் மூடிவிட்டு, பனியில் விறைத்த வண்டியைச் சூடேற்றப் போனான். அதற்குள் அவள் ஆக்சலை எடுத்து, முன்கையில் குப்புறப் போட்டு முதுகைத் தடவினாள். வேட்டுப் போட்டதுபோல் ஒன்று விட்டுவிட்டு அவன் தூங்கிப்போனான். அவனோடு அவள் படுக்கையறைக்குள் நுழையவும் டேரில் திரும்பி வரவும் சரியாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில், போர்வை மூடியிருந்த சீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனான். கூப்பிட வாயெடுத்தவள், அப்பா வளர்த்த லட்சணத்தைப் பார்ப்போமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, சீட்டும் கையுமாக நுனிக்காலில் நடந்து வந்தான். முகத்தில் ஊரையே ஜெயித்த பெருமை.

"வண்டில ஏறினதும் கப்சிப்! இதுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும்" என்று கிசுகிசுத்தான்.

தோளில் தூங்கும் மகனோடு படுக்கையறை வாசலில் வந்து நின்றாள் கிர்ஸ்டன்.

"மெதுவா வை. போர்வை முழிச்சுக்கப்போகுது."