ரிப்பேரா, ரீசெட்டா?

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கால்குலேட்டர் திறக்கவில்லை. அவ்வளவுதான். இதற்கெல்லாமா கதை என்று கேட்பீர்கள். அடுப்பு எரியாததற்கும் பஸ் வராததற்கும் கதை எழுதுகிறார்கள், கால்குலேட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அன்று காலை உலகம் கணக்கை மறந்தது." (தூ. அடித்துவிட்டேன்.)

"கம்ப்யூட்டர் என்பது மனித மனத்தின்—" (இப்படித் தொடங்கும் வாக்கியங்களை முடித்த பிறகு நானே படிப்பதில்லை. நிறுத்திவிட்டேன்.)

"மச்சான் வந்தான்." (இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.)

2

மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. செல்போன் கடையில் வேலை. வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். எந்த மெஷினைக் கண்டாலும் நாடி பிடித்துப் பார்க்காமல் போகமாட்டான்.

கடைசி அப்டேட்டுக்குப் பிறகு, கம்ப்யூட்டரோடு கூடவே வந்த ஆப்புகள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டன. கால்குலேட்டர், போட்டோ பார்க்கிற ஆப், சீட்டாட்டம் மூன்றும் ஒரே கட்சி. அழுத்தினால் ஒரு ஜன்னல் லேசாக எட்டிப் பார்க்கும், உடனே மூடிக்கொள்ளும். வேண்டாத விருந்தாளியைப் பார்த்த வீட்டுக்காரர் இப்படித்தான் கதவைச் சாத்துவார்.

டாக்டர் செட்டிங்ஸுக்குள் போனான். ஒவ்வொரு ஆப்புக்கும் அங்கே இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. மேலே ரிப்பேர். அது ஆப்பைச் சரிசெய்யப் பார்க்கும், உள்ளே நாம் சேர்த்துவைத்திருப்பதைத் தொடாது. கீழே ரீசெட். அது எல்லாவற்றையும் துடைத்துப்போட்டு, வாங்கிய அன்று இருந்தபடி ஆக்கிவிடும்.

"ரிப்பேர்லாம் சும்மா மனசு ஆறுதலுக்கு அத்தான். ரீசெட் போடுங்க, பச்சைக் குழந்தை மாதிரி எந்திரிச்சு உக்காரும்."

கால்குலேட்டருக்கு ரீசெட் போட்டான். எழுந்து உட்கார்ந்தது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டோம். நாலு என்றது. கணக்கில் நோபல் பரிசு இல்லையாம், இருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்போம். போட்டோவுக்கும் ரீசெட். அதுவும் எழுந்தது. டாக்டர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான், நான் விசிலடித்தேன். கதை இங்கேயே முடிந்து தொலைந்துவிடுமோ என்ற பயம்கூட வந்தது. அவன் அதே வேகத்தில் சீட்டாட்டத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய்—

"டேய்! தொடாதே!"

கத்தியது நான்தான்.

3

ஏன் கத்தினேன் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இது கட்டுரை மாதிரித்தான் போகும்.

என் மாமனார் எங்களோடு இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவி ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடை திறந்த அன்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "இது ஆறு மாசம் தாங்குமா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். கடை அமோகமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அப்பா மகள் பேச்சு அன்றோடு நின்றுபோனது. ஒரே மேஜையில்தான் சாப்பாடு. நடுவில் தபால்காரன் நான்.

"மாப்பிள்ளை, குழம்புல உப்பு கம்மின்னு சொல்லுங்க."

"ஏங்க, உப்பு டப்பா அவர் கைக்குப் பக்கத்துலயே இருக்குன்னு சொல்லுங்க."

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: இரண்டையும் ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறேன். மூவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி.)

இப்போது சீட்டாட்டத்துக்கு வருகிறேன். அவள் கடைக்குப் போன பிறகு மாமா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தனியாள் சீட்டு ஆடுவார். பாதி ஆட்டத்தில் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். சாயங்காலம் அவர் நடக்கப் போன நேரம் பார்த்து அவள் உட்காருவாள். அதே ஆட்டத்தை, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அவர் வைத்த சீட்டு பிடிக்கவில்லையென்றால் அன்டூ போட்டுத் திருப்பிவிடுவாள். மறுநாள் அவர் அதையே பிடிவாதமாக மறுபடி வைப்பார். புது ஆட்டம் என்ற பொத்தானை இருவரும் தொட்டதே இல்லை. அந்த ஒரே சீட்டுக்கட்டை மாதக்கணக்கில் கலைக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் போலிருக்கிறது. இதைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை. நானும் கண்டுகொள்ளாத மாதிரியே இருந்துவிட்டேன். ஆனால் பாதியில் நிற்கும் அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஒரு சீட்டையும் அசைக்காமல் எழுந்துவிடுவேன்.

ரீசெட் போட்டால் அந்த ஆட்டம் போச்சு.

4

டாக்டர் என்ற பாத்திரம் இந்த இடத்தில் எனக்குச் சரியாக வரவில்லை. வெறும் அவசரக்குடுக்கையாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஆள் மாறிவிட்டான்.

"அதான் அப்பா என்னை மவுஸுக்கு பேட்டரி வாங்கிட்டு வா, வாங்கிட்டு வான்னு உயிரை எடுக்கறாரா!" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். (ஜலதோஷம் என்று எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.)

"அத்தான், ரிப்பேரையே போட்டுப் பாப்போம்."

போட்டோம். வட்டம் சுற்றியது. டிக் விழுந்தது. ஆட்டத்தைத் திறந்தோம். ஜன்னல் எட்டிப் பார்த்தது, மூடிக்கொண்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். மறுபடி ரிப்பேர். கை கூப்பிக்கொண்டு ஒரு ரிப்பேர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரிப்பேர். எதற்கும் மசியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சு இனிமே ரீசெட்தான். ஆனா அதை நான் போடமாட்டேன். எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு," என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

5

ஆக, திரையில் ஒரு ஜன்னலில் ரீசெட் பொத்தான், பக்கத்து ஜன்னலில் இந்தக் கதை. அதை அழுத்தப் பயந்துகொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவு வேண்டுமே? கைவசம் உள்ளவை:

(அ) ரிப்பேர் வேலை செய்துவிட்டது என்று எழுதிவிடலாம். கதாசிரியனுக்கு இல்லாத அதிகாரமா? ஆட்டம் பழையபடி நடக்கும். நானும் ஆயுசுக்கும் உப்புக்குத் தூது போய்க்கொண்டிருப்பேன்.

(ஆ) ரீசெட் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் இருந்துவிடலாம். மாமா வந்து புதுக் கட்டைப் பார்ப்பார். மகள் கலைத்துவிட்டாள் என்று நினைப்பார். அவள் வந்து பார்ப்பாள். அப்பா முடித்துக்கொண்டார் என்று நினைப்பாள். ரெண்டும் வீம்பு பிடித்த ஜென்மங்கள், ஒருவரையொருவர் கேட்கவே கேட்காது.

(இ) உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் எனக்குத் தெரியும் என்று தெரிந்த நிமிஷமே வெட்கத்தில் இருவரும் ஆட்டத்தை

(இந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

(ஈ) கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே—

6

(ஈ)யில் மும்முரமாக இருந்ததில் கதவு திறந்த சத்தம் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் என் நாற்காலிக்குப் பின்னால் வலது பக்கம் வெளியே போய்விட்டு வந்த மாமா, இடது பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனைவி. எப்போதிலிருந்து நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மேல தள்ளுங்க," என்றார் மாமா.

தள்ளினேன். இருவரும் மூன்றாம் பகுதியிலிருந்து கடைசி வரை படித்தார்கள். மாமா பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் மாதிரி உதட்டை அசைத்துப் படித்தார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் கழற்றினாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஏங்க," என்றாள் கடைசியில். "வீம்புல என்னையும் அவரையும் ஒரே தராசுல வெச்சிருக்கீங்க."

"மாப்பிள்ளை," என்றார் மாமா. "ஆறு மாசம் தாங்குமான்னு 'கேட்டுவிட்டார்'னு போட்டிருக்கீங்க. 'கேட்டுத் தொலைத்துவிட்டார்'னு மாத்துங்க."

மாற்றினேன். (மேலே போய்ப் பாருங்கள், மாற்றித்தான் இருக்கிறது.) ஒரு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன். அவள் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மாமா தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை என்று ஆரம்பிக்கவில்லை. சொல்லுங்க என்று முடிக்கவும் இல்லை. தலையைத் திருப்பி நேராக அவளைப் பார்த்தார்.

"அந்த ஹார்ட்டின் ராணியை நான் ராஜா மேல வெக்க வெக்க எடுத்துட்டே இருந்தியே, ஏம்மா?"

அவள் வாயைத் திறந்தாள்.

என் கை பழக்கதோஷத்தில் கீபோர்டுக்குப் போனது. எடுத்துக்கொண்டேன். அவள் சொல்லப்போகும் பதில் அவள் அப்பாவுக்கு. நான் அதை இங்கே எழுதினால் அதுவும் என் வழியாகப் போன பேச்சாகிவிடும். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்களே ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் பொத்தானும் அங்கேயேதான் இருக்கிறது, அழுத்துவதானால் அவர்கள் இருவரையும் கேட்டுக்கொண்டு அழுத்துங்கள். எனக்கு இனி இந்த அறையில் வேலை இல்லை, எழுந்து வெளியே போகிறேன்.