காலருக்குள் சிவப்பு நூல்

படிவம் புதன்கிழமையிலிருந்து இஸ்திரி மேசையின் ஓரத்தில் கிடந்தது. எல்லாவற்றையும் நானே நிரப்பியிருந்தேன். மாமாவின், அதாவது அக்கா கணவரின், வயது, எடை, எந்தப் பக்கம் செயலிழந்திருக்கிறது, என்னென்ன மாத்திரை, தானாகச் சாப்பிடுவாரா, படுக்கையை நனைப்பாரா. மொத்தம் பதினெட்டுக் கேள்விகள். பதினோராவது கேள்விக்கு மட்டும் அக்கா என்னை டிக் போட விடவில்லை.

'நோயாளி வீட்டு ஆட்களை அடையாளம் காண்கிறாரா? ஆம் / இல்லை.'

பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகியிருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி எப்போது காலியாகும் என்று போனில் கேட்டேன். "யாராவது போகணுமே சார்" என்றாள் அந்தப் பெண். எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்று சனிக்கிழமை.

காலையில் அக்கா, புடவைக்கு மேல் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஷட்டரைத் தூக்கினாள். பாதி தூக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மீதியை நான் தூக்கினேன். அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். கை கூப்புவதில்லை, கண்ணை மூடுவதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுவது போன்ற குரல்.

"ஆண்டவனே, கடையத் தொறந்துட்டேன். எடுத்ததுல எதத் திருப்பிக் குடுக்கணும்னு உனக்குத் தெரியும். நான் இங்கதான் இருப்பேன்."

முதலில் போனது அம்மா. இரண்டு மாதம் கழித்து, துணி உலர்த்தும் இயந்திரம் தீப்பிடித்துப் பின்னறை முழுக்கக் கரியாயிற்று. அந்தக் கரியை வாரிக் கொட்டிய வாரத்திலேயே மாமா கடை வாசலில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பேச்சு இல்லை, வலது கையும் காலும் இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை. எதிரே யார் நின்றாலும் அவர்களுக்குப் பின்னாலிருக்கும் சுவரைத்தான் பார்ப்பார். "ஆறு மாசத்துல வராதது அப்புறம் வர்றது கஷ்டம்மா" என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்த அக்கா, மறுநாளும் ஷட்டரைத் தூக்கி அதையே சொன்னாள். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

எனக்கு அது நம்பிக்கையாகத் தெரியவில்லை. அசதியாகத்தான் தெரிந்தது. நிறுத்துவதற்குத் தெம்பில்லாதவர்கள் செய்ததையே செய்துகொண்டு போவார்கள். பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தபோது அப்படிப்பட்டவர்களோடு நாலு வருடம் பெட்டி தூக்கியிருக்கிறேன். நான் நிறுத்திவிட்டு வந்தவன். அதனால்தான் அக்காவோடு சேர்ந்து மாமாவைத் தூக்க ஆள் கிடைத்தது.

எங்கள் சலவைக்கடையில் ரசீது கிடையாது. மாமாவுக்குக் காகிதம் என்றாலே ஆகாது. துணி வந்ததும் காலருக்கு உட்பக்கம் சிவப்பு நூலால் ஒரு குறி தைப்பார். ஒரு வீட்டுக்கு மூன்று நேர்த்தையல். இன்னொரு வீட்டுக்கு இரண்டு நேர்த்தையல், ஒரு சாய்ந்த தையல். எந்தக் குறி எந்த வீடு என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. நூறு வீட்டுக்கு மேல். ஒரு நோட்டு போட்டு வைக்கக் கூடாதா என்று அக்கா கேட்டபோதெல்லாம், "நான் எங்க போகப் போறேன்?" என்பார். எங்கும் போகவில்லை. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார்.

வீட்டு ஆட்கள் துணிக்கு மட்டும் அவர் குறி போட்டதில்லை. "நம்ம துணிக்கு எதுக்கு? வேற யார் வீட்டுக்குப் போகப் போகுது?" என்று சொல்வாராம்.

அவர் விழுந்ததும் குறிகளைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. தீயில் தப்பிய முன்னறைத் துணிகளுக்காக ஆட்கள் வந்து சண்டை போட்டார்கள். சிலர் நிறத்தைச் சொல்லி வாங்கிப் போனார்கள், சிலர் தங்களுடையதைவிட நல்லதாகப் பார்த்து வாங்கிப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. கடைசியில் முப்பத்தொரு மூட்டைகள் மேல் அலமாரியில் தங்கிவிட்டன. இப்போது ஒரு லாட்ஜின் போர்வைகளை வைத்துத்தான் கடை ஓடுகிறது.

மாமா போய்விட்டால் அந்த மூட்டைகளுக்கும் வேலையில்லை. அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நானே மூட்டைகளை இறக்கினேன். அடுத்தவர் வீட்டுக் குறியோடு கொடுக்கக் கூடாது என்பதால், மாமாவுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிளேடால் நூலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"அதுக்குள்ள என்னடா அவசரம்?" என்றாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே.

"பன்னெண்டு மணிக்கா, இதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"உன் முதுக டாக்டர்கிட்ட காட்டினியே, அவர் என்ன சொன்னாரு? இன்னும் ஆறு மாசம் இப்படித் தூக்கினா, மாமாவுக்குப் பக்கத்துல உனக்கும் ஒரு நாற்காலி போடணும்னாரு. அப்ப ரெண்டு பேரையும் நான் தள்ளணும். ரெண்டு கையில ரெண்டு வண்டி."

"நீ ஒண்ணையே நேராத் தள்ள மாட்ட" என்றாள்.

முதல் சட்டையின் நூலைப் பிரித்திருப்பேன். வாசலில் சத்தம் கேட்டது.

"முதலாளி! கோட்டு ரெடியா?"

பஸ் டிரைவர். தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். சாதாரணமாகப் பேசினாலே நாலு கடை தள்ளி ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். வேறு டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று போனவர், ஒன்றரை வருடம் கழித்து வந்து, நேற்றுப் போட்ட கோட்டைக் கேட்பது போலக் கேட்டார். உள்ளே வந்து சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அவர் குரல் முதன்முறையாக இறங்கியது.

"எப்ப ஆச்சு?"

"வருஷம் ஒண்ணு தாண்டிடுச்சு அண்ணே" என்றாள் அக்கா.

"எனக்கு யாரும் சொல்லலியே" என்று நின்றார். பிறகு என்ன செய்வது என்று தெரியாதவர் போல என் பக்கம் திரும்பினார். "தம்பி, கருப்புக் கோட்டு. இருந்தா பாரு. இல்லன்னா பரவால்ல."

இருந்தது. காலையில் இறக்கிய மூட்டை ஒன்றில் கருப்புக் கோட்டைப் பார்த்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. நான் இளைச்சிட்டேன்னு வீட்ல சொன்னா நம்பறதில்ல. இதையே சாட்சியாக் காட்டறேன்."

டப் என்று ஒரு சத்தம்.

மாமாவின் இடது கை நாற்காலியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பலகையைத் தட்டியிருந்தது. நனைத்துவிட்டார் என்று நினைத்துக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. மறுபடி தட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண் சுவரில் இல்லை, கோட்டின் மேல் இருந்தது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கோட்டக் கழட்டுங்கண்ணே."

"ஏம்மா, நல்லாத்தானே..."

"கழட்டுங்க."

பலகை மேல் வைத்தாள். மாமாவின் கட்டைவிரல் காலரைப் புரட்டி, நூலைத் தடவியது. மூன்று நேர்த்தையல். அப்புறம் கோட்டைத் தள்ளினார். தரையில் விழுந்தது.

"குறியே பாக்காமக் குடுத்தியா?" என்றாள் அக்கா.

"பாத்தாலும் எனக்கு என்ன தெரியும்? கருப்புக் கோட்டு கேட்டாரு, கருப்புக் கோட்டு குடுத்தேன்."

"அந்த மூட்டையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வா."

எனக்கு நம்பிக்கை இல்லை. கை தானாக ஆடியிருக்கும், தள்ளியது தற்செயல் என்றுதான் நினைத்தேன். அதை நிரூபிக்க வேண்டும் என்றே, இருந்த வரிசையில் எடுத்து வந்தேன். ஒரு சட்டை. கட்டைவிரல் தடவியது, தள்ளியது. இன்னொரு மூட்டையிலிருந்து ஒரு சட்டை, தள்ளினார். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தது. விரல் நடுங்கி, காலரைத் தவறவிட்டு, மறுபடி தேடிப் பிடித்தது. எச்சில் வழிந்தது. அக்கா துடைக்கக்கூட நகரவில்லை. ஹாரன் விழுந்த துணிகளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். கோட்டோடு சேர்த்து ஏழு துணிகள் தரையில் கிடந்தன.

எட்டாவது ஒரு காக்கிச் சட்டை. இரண்டு சாய்ந்த தையல், நடுவில் ஒரு புள்ளி. கட்டைவிரல் அங்கேயே நின்றது. அவர் தள்ளவில்லை. தலையை மெதுவாகத் தூக்கி ஹாரனைப் பார்த்தார். சட்டையை அவர் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்தினார். அதற்கு மேல் கை போகவில்லை.

அந்த மூட்டையை முழுவதும் பிரித்தேன். அடியில் இன்னொரு கருப்புக் கோட்டு இருந்தது.

"இடது கக்கத்துல உள்பக்கம் பாரு" என்றார் ஹாரன். "பச்சைத் துணி ஒட்டுப் போட்டிருக்கும். என் பொண்டாட்டி போட்டது. சண்டை போட்டுக்கிட்டே தச்சா, அதான் கோணலாப் போச்சு."

பச்சைத் துணி இருந்தது. கோணலாகத்தான் இருந்தது.

ஹாரன் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கி, கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார். அதுவும் ஹாரன் மாதிரியே இருந்தது. "வரேன் முதலாளி" என்று மாமாவின் காதருகே போய்க் கத்திவிட்டுப் போனார். மாமாவின் கண் அதற்குள் சுவருக்குத் திரும்பியிருந்தது.

மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

தரையில் கிடந்த துணிகளைப் பொறுக்கினேன். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"கஸ்டமர் குறி ஞாபகம் இருக்கு. பஸ் டிரைவரத் தெரியுது. ஒரு வருஷமா மூத்திரம் துடைக்கிறியே, உன்னத் திரும்பிப் பாத்தாரா?"

அக்கா சிரித்தாள். இந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"நல்லா இருந்தப்பவும் அப்படித்தானேடா இருந்தாரு."

"சிரிக்காத. அரை மணி நேரம் இருக்கு. டாக்ஸி கூப்பிடறேன். உனக்காகத்தான் சொல்றேன்."

"முதல்ல அவர டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். வா, பிடி."

அவரைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. அக்கா முன்னால் குனிந்து அவருடைய இடது கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடிப்பேன். மூன்று எண்ணித் தூக்குவோம். இன்றும் அப்படித்தான் குனிந்தாள். நான் இரண்டு வரைக்கும் எண்ணினேன்.

"இரு" என்றாள் அக்கா.

மாமாவின் விரல்கள் அவளுடைய சட்டைக் காலருக்குள் போயிருந்தன. காலரை உட்புறமாகப் புரட்டியிருந்தார். கட்டைவிரல் தையலை ஒட்டி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனது. திரும்பி வந்தது. நூல் எதுவும் இல்லை. அக்கா குனிந்தபடியே இருந்தாள். அந்த நிலையில் நிற்பது அவள் முதுகுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். விரல் இன்னொரு முறை தேடியது. பிறகு நின்றது. அவர் தலை மெதுவாக அவள் தோளில் சாய்ந்தது.

"தள்ளலடா" என்றாள் அக்கா.

"தள்ளினா விழுந்துடுவாரு. அதனால பிடிச்சிட்டிருக்காரு."

"இருக்கட்டும்."

"கை காலர்ல பட்டா தடவும். காலையிலேர்ந்து அதத்தான் பண்ணிட்டிருக்கு. பழக்கம்."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல. மூணு சொல்லு."

சொன்னேன். தூக்கினோம்.

திரும்பி வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு, அக்கா இஸ்திரி மேசைக்குப் போனாள். பேனாவை எடுத்து, பதினோராவது கேள்வியைக் கண்ணருகே வைத்துப் படித்தாள். 'ஆம்' பக்கத்தில் டிக் போட்டாள். படிவத்தை நாலாக மடித்து மேசை டிராயருக்குள் வைத்தாள்.

"என்ன பண்ற? அத அனுப்பணும்."

"எங்க அனுப்பற? கேள்வி கேட்டிருந்தாங்க, பதில் சொன்னேன்."

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் இல்லத்திலிருந்து போன் வந்தது. அக்காவே எடுத்தாள். "அடுத்த ஆளுக்குக் குடுத்துருங்கம்மா. பாவம், அவங்க ரொம்ப நாளாக் காத்திருப்பாங்க" என்றாள். வைத்துவிட்டு, பிரிக்காத மூட்டை ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. சந்தோஷம் என்று சொல்கிற மாதிரி அதில் எதுவும் இல்லை.

"எனக்கு முடியலடா" என்றாள். "நிஜமாவே முடியல."

"அப்புறம் ஏன்?"

"தினமும் கேட்டேன். மொத்தமாத் திருப்பிக் குடுப்பான்னு நெனச்சேன். ஒரு கோட்டு குடுத்திருக்கான்." தன் காலரைச் சரிசெய்துகொண்டாள். "வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கடவுளைப் பற்றி அப்போதும் ஒன்றும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவள் முதுகைப் பற்றித் தெரியும்.

"நீ இருப்பியா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மதியத்துக்குள் முடிக்க வேண்டிய லாட்ஜ் போர்வைகள் நாற்பது கிடந்தன. இஸ்திரிப் பெட்டி ஆறிப்போயிருந்தது. சுவிட்சைப் போட்டேன்.

"நீ போய்ப் படு. இத நான் முடிக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. பிளேடால் நான் பிரித்த சட்டையை எடுத்துப் பார்த்தாள். காலரில் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றை எண்ணிவிட்டு, மேசையிலிருந்த சிவப்பு நூல்கண்டை என்னிடம் கேட்டு வாங்கினாள். அதே துளைகளில் தைக்க ஆரம்பித்தாள்.

"அவர ஜன்னல் பக்கத்துலேர்ந்து எடுத்துடு. வாசலப் பாத்த மாதிரி போடு" என்றாள். "போற வர்ற ஆளுங்க முகத்தப் பாக்கட்டும். இன்னும் முப்பது மூட்டை இருக்கு."

பிரேக்கை விடுவித்து நாற்காலியை வாசலுக்குத் தள்ளினேன். நேராகத்தான் தள்ளினேன். தெருவில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. மாமா காலித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கைப் போட்டுவிட்டு, அவர் வாயைத் துடைத்துவிட்டு, போர்வைகளுக்குத் திரும்பினேன்.