பதினோரு மணி அறிவிப்பு

...அந்த நீலப் பொத்தான் எங்கே போய்த் தொலைந்தது, நேற்றுவரைக்கும் இங்கேதானே இருந்தது, சிவப்பு, பச்சை, அதற்கடுத்து நீலம், தட்டினால் ஊர் ரேடியோவில் சாவு அறிவிப்பு ஓடும், எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை, விரலுக்கே வழி தெரியும்... குவாரியில் சம்மட்டி பிடித்துக் காய்த்த விரல், முப்பத்தெட்டு வயதில் எழுத்துப் படித்த விரல். காலையில் கணினி தானாகவே புதுசாக மாறிக்கொண்டதாம், நீலம் இருந்த இடத்தில் வேறொன்று, பழக்கத்தில் தட்டினான் கத்துராமு, அறிவிப்பு ஓடவில்லை, அழிந்தே போனது. அட்யேரி அக்காவின் தங்கை இறந்த சேதி. இன்று நான்கு மணிக்கு அடக்கம், ஒரே மகன் குவேசி உடனே வரவும், முதல் மண் அவன் கையால் விழ வேண்டும். இரண்டு வரிதான், ஆனால் தப்பும் தவறுமாக ஒன்பது தடவை வாசித்துப் பதிவு செய்த இரண்டு வரி, அதை ஒரு தட்டில் ஒழித்துக்கட்டிவிட்டார்களே, யாரைக் கேட்டு மாற்றினார்கள், எங்கள் ஊர்ச் சாவு அவர்களுக்கு விளையாட்டா?

சுவரில் எழுதி வைத்திருந்த கம்பாலா நம்பருக்குப் போன் போட்டான். லுப்வாமா, ரேடியோக் கணினியின் நிரலை எழுதும் பையன்களில் ஒருவன், மரியாதையாகத்தான் பேசினான், அதுதான் இன்னும் எரிந்தது. “ஐயா, அந்தப் பொத்தானுக்குப் பின்னாடி ஏழு வருஷக் குப்பை, பிரிக்கவே முடியாத சிக்கல். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல சும்மா செய்யறோம், எங்களுக்குச் சரின்னு பட்டதை மாத்தக்கூடாதுன்னா நாங்க எதுக்குச் செய்யணும்? மாத்தப்போறோம்னு போன மாசமே எங்க தளத்துல போட்டோமே, பாக்கலையா?” தளமாம். கல் உடைக்கிறவன் எந்தத் தளத்தைப் போய்ப் பார்ப்பான்? “பழசே வேணும்னா வச்சுக்கோங்க. நிரல் தெறந்துதான் கெடக்கு, நீங்களே மாத்திக்கலாம்.” நானா, என் பெயரை எழுதவே மூச்சு வாங்குகிற நானா... “தம்பி, கதவைத் தெறந்து வச்சுட்டு ஏணியை எடுத்துட்டுப் போறியே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். சும்மா செய்கிறானாம், நானும்தான் சும்மா செய்கிறேன், பத்து காசு வாங்கினேனா, நான் யார் குடியையாவது கெடுத்தேனா?

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. பன்னிரண்டுக்குக் குவாரிக்கு லாரி வரும், ஏற்ற ஆள் இல்லையென்றால் இன்றைய கூலி போயிற்று. மறுபடி பதிய வேண்டும், தாளை எடுத்தான், எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன... கதவைத் தள்ளிக்கொண்டு அட்யேரி அக்கா, கறுப்புத் துணி சுற்றி, கையில் ரேடியோவோடு.

“அராலி,” என்றாள், கத்துராமுவை ஊர் கூப்பிடும் செல்லப்பெயர், “பாட்டரி புதுசு போட்டேன், ஒரு மணிக்கு நல்லா சத்தமாப் படிச்சிடு. குவேசி தேயிலை எஸ்டேட்டுல இருக்கான், கொழுந்து பறிக்கிறப்போ போன் எடுக்க விடமாட்டான் மேஸ்திரி. ஒரு மணிக்கு போஷோக் களி வாங்க வரிசையில நிக்கிறப்போதான் ரேடியோ வைப்பாங்க.”

“ஒரு மணிக்கு இல்ல அட்யேரி, இப்போ பதினோரு மணிக்குல்ல.”

“யாரு மாத்தினது?”

லாரி பன்னிரண்டுக்கு வருவதால் அவனேதான் மாற்றியது. மூன்று மாதமாயிற்று. ஒருவரும் குறை சொல்லவில்லை... சொல்ல யார் கேட்டார்கள்? பதினோரு மணிக்கு ஊரே தோட்டத்தில் குனிந்திருக்கும். அப்படியானால் இந்த மூன்று மாதச் சாவெல்லாம் யார் காதில் விழுந்தன, இன்றைக்கு நீலப் பொத்தான் இருந்து, தட்டி, ஓடியிருந்தாலும் குவேசி... சம்பளமா தர்றீங்க, பிடிக்கலேன்னா நீங்களே வந்து உட்காருங்க என்று நாக்கு நுனிவரை வந்தது, கம்பாலாக் குரலிலேயே வந்தது, விழுங்கினான்.

“மாத்தினதை ரேடியோவுலயே சொன்னேனே அட்யேரி.”

“எத்தனை மணிக்குச் சொன்னே?”

கீழே குவாரியில் லாரி ஹாரன் அடித்தது, இன்று சீக்கிரமே வந்துவிட்டது. லுப்வாமா மேலிருந்த கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனால் அது இப்போது யார் மேல்... அட்யேரி அக்கா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள், ரேடியோவை மார்போடு அணைத்து. இரண்டாவது ஹாரன்.