ஐந்து பேராகிப்போன மாமியார்

மருமகளுக்கு நீச்சல் குள அலுவலகத்தில் கணினி வேலை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மாமியார் ஒரு விண்ணப்பத்தை நீட்டிவிட்டார். ஐம்பது தாண்டிய பெண்களுக்கான நீச்சல் வகுப்பு. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பெயர் கொடுத்தவர்தான். ஐந்து பேர் தேறாததால் இரண்டு தடவையும் ரத்து. ஆசையாக வாங்கிய நீச்சல் உடுப்பு உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. "இந்தத் தடவையும் இல்லேன்னா தண்ணித் தொட்டியிலயே கத்துக்கறேன்" என்று வீட்டில் அறிவித்தாயிற்று.

பெயர்களைப் பதிந்து வைப்பது ஒரு பழைய நிரல். யாரோ, எப்போதோ, ஏதோ ஒரு கணினி மொழியில் எழுதியது. கேட்டால் இணையம் வழியாகப் பட்டியலை அனுப்பும். அதை வாங்கித் தலைகளை எண்ணி, ஐந்து இருந்தால் வருகைத்தாள் அச்சடிக்கிற நிரலை மருமகள் வேறொரு மொழியில் எழுதியிருந்தாள். குழந்தைகள் வகுப்பின் நாற்பது பேரை வைத்துச் சோதித்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பதிவு முடிகிறது. மதியமே ஓட்டிப் பார்த்தாள். ஐந்து பேர், வகுப்பு உண்டு. தாளைப் படிக்கக்கூடப் பொறுமையில்லை, வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். காவலாளி தாளை வாசல் பலகையில் ஒட்டிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மேலாளர் வந்து நின்றார்.

"ஏம்மா, ரெண்டாவது ஆளு பேரு என்ன அம்பத்தெட்டு?"

"சார்?"

"மூணாவது ஆளு போன் நம்பர். நாலாவது ஆளு தெருப் பேரு. அஞ்சாவது அம்மா பேரு 'நீச்சல் தெரியாது'. பெத்தவங்க ரொம்ப யோசிச்சு வெச்சிருக்காங்க."

மருமகள் கணினியில் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அந்தப் பழைய நிரல் பழக்கடைக்காரர் மாதிரி, பல பேர் இருந்தால் பையில் போட்டுக் கொடுக்கும். ஒரே ஆள் என்றால் பையில்லாமல் கையில் கொடுத்துவிடும். இவளுடைய நிரலோ ஒற்றை ஆரஞ்சைப் பை என்று நினைத்து, பெயர், வயசு, போன், தெரு, குறிப்பு என்று உரித்துச் சுளை சுளையாக எண்ணிவிட்டது. வகுப்புக்குச் சேர்ந்திருப்பது மாமியார் ஒருத்தர்தான்.

தனி ஆள் வந்தாலும் பட்டியலுக்குள் போட்டு எண்ணு என்று இரண்டு வரி சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள். ஒன்று.

"அஞ்சு மணி வரைக்கும் பாப்போம். இல்லேன்னா ரத்துதான்" என்று மேலாளர் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தாள். வீட்டு எண் வேறு அழைப்பிலேயே இருந்தது. நாலாவது தடவைதான் மாமியார் எடுத்தார்.

"அத்தை, தப்பு நடந்துபோச்சு. அஞ்சு பேர் இல்ல. நீங்க மட்டும்தான்."

"அது கிடக்கட்டும். என் வயசை ஊருக்கே ஒட்டி வெச்சது யாரு?"

மாமியார் தெருவுக்கு இதுவரை சொல்லி வைத்திருந்த கணக்கு ஐம்பத்தொன்று.

"தையல்காரி பலகையிலேர்ந்தே நம்பரை எடுத்துக் கூப்பிடறா. 'அக்கா, அம்பத்தெட்டாமே'ங்கறா. ஆமா, அம்பத்தெட்டுதான், நான் குதிக்கப்போறேன், உன்னால கால் நனைக்க முடியுமான்னு கேட்டேன். ரோஷம் வந்து கிளம்பிட்டா. மாடி வீட்டுக்காரி, ரிட்டயரான டீச்சர், எல்லார்கிட்டயும் அதையேதான் கேட்டேன். இப்ப போனை வெய்யி, லைன்ல பல் டாக்டர் அம்மா காத்திருக்காங்க."

ஐந்து மணிக்கு மருமகள் மறுபடி ஓட்டினாள். ஏழு வரி வந்தது. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தாள். ஏழும் மனுஷர்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு பெண்களும் குளத்தோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். ஆறடி உயரப் பயிற்சியாளர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஒரு கையும் நகரவில்லை. மருமகள் அலுவலக ஜன்னலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாள், வேலையெல்லாம் அப்படியே கிடந்தது.

திடீரென்று மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கம்பியை விட்டார். மூன்று விநாடி மிதந்திருப்பார். எழுந்து, வாயில் புகுந்த தண்ணீரைத் தையல்காரி மேல் துப்பிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.