அவர் ஊர் மணி

பழைய புரோகிராமும் புதிய டேட்டாபேஸ் சர்வரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு பொத்தானை அழுத்தினால் நூற்றுக்கணக்கான சோதனைகள் தாமாகவே ஓடும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போவார்களா என்று பார்க்க இப்படி ஒரு பொத்தான் இருந்தால் ஊரில் பாதிக் கல்யாணம் நடக்காது.

என் கணவருக்கும் இதே கம்பெனிதான். கடல் தாண்டி, ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில், அவர்களுடைய பழைய சர்வரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார். மூன்று மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டது. எல்லாச் சோதனையும் பச்சையானால் அவர்கள் புதிய சர்வருக்கு மாறிவிடுவார்கள், இவர் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆக, என் புருஷன் வருவதும் வராததும் என் கம்ப்யூட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு சோதனை பாக்கி. பழைய புரோகிராம் போடும் இன்றைய தேதியும் சர்வரின் இன்றைய தேதியும் ஒன்றா என்று பார்ப்பது. இதில் என்ன கஷ்டம்? ஆனால் காலையில் ஓட்டினால் சிவப்பு, சாயங்காலம் ஓட்டினால் பச்சை. இரண்டு வாரமாக என் பிராணனை வாங்கியது. பழைய புரோகிராம் என் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்ததால் வேறு யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

எங்கள் டீம் லீடருக்குப் 'பச்சை விளக்கு' என்று பெயர். வைத்தது நான்தான்.

"அந்த ஒண்ணை மட்டும் ஒதுக்கி வெச்சிட்டு அனுப்பிடலாமே? உங்க வீட்டுக்காரரும் வந்துடுவாரு," என்றார்.

ஆசை வராமல் இல்லை. ஆனால் அந்தச் சோதனை அங்கே போய்ப் பல்லை இளித்தால் மறுபடி அவரைத்தான் பிடித்து அனுப்புவார்கள். வந்தவரை இன்னொரு தரம் வழியனுப்ப எனக்குத் தெம்பில்லை.

"வேணாம் சார். சரி பண்ணியே தரேன்," என்றேன் கடுப்பாக.

மறுநாள் காலை என் கணவருக்கே போன் போட்டேன். அங்கே ராத்திரி. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"காலைல மட்டும்தான் சிவப்பா?"

"ஆமா."

"உன் மெஷின்ல இப்ப மணி என்ன காட்டுது?"

திரையின் மூலையைப் பார்த்தேன்.

"உங்க மணி."

அவர் அங்கே போன மறுநாள் என் கம்ப்யூட்டர் மணியை அவர் ஊர் மணிக்கு நான்தான் மாற்றினேன். இப்போது எழுந்திருப்பார், இப்போது சாப்பிடப் போவார் என்று வேலைக்கு நடுவே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள. என் நேரத்துக்குச் சுவர்க் கடிகாரம் போதும். பார்த்துப் பார்த்துப் பழகி, மாற்றியதே மறந்துவிட்டது. எனக்குக் காலையாகும்போது அங்கே இன்னும் நேற்று. பழைய புரோகிராம் என் கம்ப்யூட்டரைக் கேட்டு நேற்றைய தேதியைப் போட்டிருக்கிறது. இங்கே இருக்கும் சர்வர் நம் ஊர்த் தேதியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது; அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வாரமாக அவரை வரவிடாமல் பிடித்துவைத்திருந்தது நான்தான்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மாத்திடும்மா," என்றார் மெதுவாக.

மாற்றினேன். மூலையிலிருந்த அவருடைய ராத்திரி போய் என் காலை வந்தது. ஏனோ, அவரை இன்னும் தள்ளி அனுப்பிவிட்ட மாதிரி வலித்தது. பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொன்றாகப் பச்சை. கடைசியில் அதுவும்.

"எல்லாம் பச்சை," என்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வழக்கமாக மணியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்பேன். இன்றைக்குப் பார்க்காமலே கேட்டேன்.

"சாப்டீங்களா?"

"வந்து சாப்பிடறேன்," என்றார்.